எல்லாருக்கும் ஒரே நேரத்தில்

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகள் படித்தார்கள். அவர்களுடைய பெற்றோரில் பாதிப் பேருக்கு முதல்வரின் முகம் தெரியாது. சிலருக்குத் தங்கள் பிள்ளை ஏழாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பதே சந்தேகம். ஆனால் சர்க்குலர் அக்காவைத் தெரியாதவர் ஒருவர் கிடையாது. இத்தனைக்கும் அவரை நேரில் பார்த்தவர்கள் வெகு குறைவு. போனில் 'டிங்' என்று சத்தம் வந்தால், "பாரு, சர்க்குலர் அக்காவா இருக்கும்" என்பார்கள். அந்த அளவுக்குத்தான் அறிமுகம்.

அலுவலக எழுத்தர் என்பது அவருடைய பதவி. இருபத்தாறு வருஷமாக, பள்ளியிலிருந்து வீடுகளுக்குப் போகும் அறிவிப்பு எதுவானாலும் அவர் கையால்தான் போனது. முதலில் காகிதத்தில் அச்சடித்து வகுப்பு வகுப்பாகக் கொடுத்தார்கள். அதில் பாதி கப்பலாகவும் ராக்கெட்டாகவும் மாறியது, வீடு போய்ச் சேர்ந்த மீதியில் குழம்பு கொட்டியது. பிறகு போன் வந்தது, மெசேஜ் வந்தது. அக்காவுக்கு நிம்மதி. மெசேஜைக் கப்பல் செய்ய முடியாது.

சந்தேகம் அவருக்கு உத்தியோகத்தோடு வந்தது. விடுப்புக் கடிதங்கள் எல்லாம் அவர் மேஜை வழியாகத்தான் போகும். ஒரே பிள்ளைக்கு ஒரே வருஷத்தில் மூன்றாவது தடவை அம்மை போட்டபோது, வீட்டுக்கே போன் போட்டு, "அம்மைக்கு எங்க பள்ளிக்கூடத்து மேல ஏதாவது கோபமுங்களா?" என்று விசாரித்தவர் அவர். பிள்ளை மறுநாளே பூரண குணமடைந்து வந்து சேர்ந்தது.

இப்படி ஊரையே சந்தேகப்பட்ட அக்கா, ஒரே ஒரு விஷயத்தைச் சந்தேகப்பட்டதே இல்லை. அது அவருடைய வேலை. செய்தி என்றால் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். ஒருவருக்கு முன்னே, ஒருவருக்குப் பின்னே என்பது கிடையாது. இந்தக் கொள்கையில் அவர் சொந்த பந்தம் பார்த்ததில்லை. தம்பியின் மகன் அதே பள்ளியில் படித்தான். தம்பி பெண்டாட்டிக்கு அந்தக் குறை தீரவே இல்லை.

"ஆபீஸ்லயே நீங்க இருக்கீங்க அண்ணி. நாளைக்கு லீவா இல்லையான்னு எனக்கு மட்டும் முன்னாடி சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?"

"உனக்குச் சொன்னா நீ உங்க அம்மாவுக்குச் சொல்லுவே. உங்க அம்மா ஊருக்கே சொல்லுவாங்க. அப்புறம் எனக்கு எதுக்கும்மா சம்பளம்?"

இந்தக் கொள்கைக்கு ஒரு சின்ன விலக்கு இருந்தது. அதை அக்கா விலக்கு என்றே எண்ணவில்லை. மெசேஜ் முறை வந்த புதிதில் ஒரு நாள் எழுத்துகள் எல்லாம் கட்டம் கட்டமாக உடைந்து ஆயிரம் போனுக்குப் போய்விட்டன. 'நாளை பெற்றோர் கூட்டம்' என்பது இருபது வெறும் கட்டங்களாகப் போய் இறங்கியது. அன்றிலிருந்து, எந்தச் செய்தியையும் முதலில் ஒரே ஒரு போனுக்கு அனுப்பிப் பார்ப்பது வழக்கமாயிற்று. அது அவருடைய வீட்டுக்காரரின் போன். ஊரிலேயே மோசமான போன் அதுதான். அதில் எழுத்து ஒழுங்காக விழுந்தால் எதிலும் விழும். கட்டமாக வந்தால் மட்டும் போன் பண்ண வேண்டும், ஒழுங்காக வந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம் என்று அவருக்கு உத்தரவு. மனுஷர் ஒன்றும் செய்யாமல் இருப்பதில் தேர்ந்தவர் என்பது அக்காவின் எண்ணம்.

அந்த வருஷம் பெயரில்லாத மிரட்டல்கள் வரத் தொடங்கின. முதல் தடவை வந்தபோது முதல்வர் மிரண்டு போய், அக்கா எழுதிக் கொண்டுபோனதை அடித்துவிட்டு, 'தண்ணீர்க் குழாய் பழுது காரணமாகப் பள்ளி இன்று முன்னதாக முடிகிறது' என்று அனுப்பச் சொன்னார். மறுநாள் கண்ணாடிக்காரர் வந்துவிட்டார். கண்ணாடிக்காரர் என்றால் ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கண்ணாடி அறுத்து மாட்டுகிறவர். அவருடைய ஒரே மகள் ஏழாம் வகுப்பு. அலுவலகத்தில் அவருக்குப் 'புகார்ப் பெட்டி' என்று பெயர். ஒரு வருஷத்தில் பதினான்கு புகார் எழுதிக் கொடுத்தவருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

"குழாய் பழுதுன்னீங்க. ஒவ்வொரு குழாயா திறந்து பார்த்துட்டு வரேன். எல்லாத்துலயும் தண்ணி வருது. எது பழுது, காட்டுங்க" என்று அவர் கவுன்ட்டரில் நின்றார். காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. உண்மை மூன்றாம் நாள் வெளியே வந்தது. அதற்குப் பிறகு பள்ளி 'இன்று வெயில் அதிகம்' என்று சொன்னால்கூடப் பெற்றோர்கள் வெளியே போய் ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் நம்பினார்கள். இரண்டாவது மிரட்டலுக்கு முதல்வர் 'நிர்வாகக் காரணம்' என்று போட்டார். அதையும் யாரும் நம்பவில்லை.

மூன்றாவது, ஒரு வியாழக்கிழமை காலை பத்து பதினான்குக்கு வந்தது. முன்வாசல் பக்கத்தில் குண்டு வைத்திருக்கிறோம், பன்னிரண்டு மணிக்கு வெடிக்கும் என்று நான்கு வரி மின்னஞ்சல். அக்கா அதை இரண்டு தடவை படித்தார். முதல் தடவை பயத்தோடு. இரண்டாம் தடவை, விடுப்புக் கடிதம் படிக்கிற கண்ணோடு.

முதல்வர் போலீஸுக்குச் சொன்னார். விளையாட்டு ஆசிரியர் பிள்ளைகளைப் பின்பக்க மைதானத்துக்குக் கொண்டு போனார். அக்கா செய்தியை எழுதினார்:

'நம் பள்ளிக்குப் பெயரில்லாத மின்னஞ்சலில் வெடிகுண்டு மிரட்டல் வந்திருக்கிறது. முன்வாசல் பக்கம் என்று அதில் இருக்கிறது. பிள்ளைகள் எல்லாரும் பின்பக்க மைதானத்தில் பத்திரமாக இருக்கிறார்கள். போலீஸ் வந்துகொண்டிருக்கிறது. அழைத்துப் போக வருகிறவர்கள் முன்வாசலுக்கு வராமல் பின்வாசலுக்கு வரவும்.'

வீட்டுக்காரர் போனுக்கு ஒன்றை அனுப்பிவிட்டு, காகிதத்தில் ஒன்றை எடுத்துக்கொண்டு முதல்வர் அறைக்குள் போனார். முதல்வர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"'வெடிகுண்டு' வேண்டாம்க்கா. ஜனங்க பயந்துடுவாங்க."

"பயப்பட வேண்டிய விஷயம்தானே சார்?"

"அதை அவங்களா தெரிஞ்சு பயப்படட்டும். நாம சொல்லிப் பயப்பட்டாங்கன்னு இருக்கக் கூடாது. 'மிரட்டல்' வேண்டாம். 'போலீஸ்' வேண்டாம்."

"போலீஸ் வண்டி வாசல்ல வந்து நிக்கப் போகுதே சார்."

"நிக்கட்டும். நாம நிக்குதுன்னு சொல்லலையே."

பன்னிரண்டு நிமிஷம் சீவி முடித்தபோது மிஞ்சியது இது: 'பாதுகாப்பு முன்னெச்சரிக்கையாகப் பள்ளி இன்று முன்னதாக முடிகிறது. பெற்றோர் பின்வாசல் வழியாகப் பிள்ளைகளை அழைத்துச் செல்லலாம். பதற்றம் வேண்டாம்.' பத்து நாற்பத்தொன்றுக்கு அது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் போயிற்று. 'பதற்றம் வேண்டாம்' என்பதைப் பார்த்ததும் ஊரே பதறிக்கொண்டு ஓடி வந்தது.

ஆனால் ஒருவர் மட்டும் பத்து முப்பத்தைந்துக்கே வந்திருந்தார். வாட்ச்மேன் தன் நோட்டில் நேரம் குறித்து வைத்திருந்தார். வந்தவர் கண்ணாடிக்காரர். ஸ்கூட்டரை நடுச் சாலையில் போட்டுவிட்டு முன்வாசலில் நின்று கத்தியிருக்கிறார்.

"பின்வாசலைத் திற! பிள்ளைங்கள இந்தப் பக்கம் விடாதே! இங்க குண்டு இருக்குய்யா, நீ எதுக்கு இங்கயே உக்காந்திருக்கே?"

"குண்டா?" என்றார் வாட்ச்மேன். முன்வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அவரிடம் அதுவரை யாரும் அதைச் சொல்லியிருக்கவில்லை. நேரத்தைக் குறித்துவிட்டுத்தான் ஓடினார் என்பது அவருடைய கடமை உணர்ச்சிக்குச் சாட்சி.

பன்னிரண்டு மணிக்கு எதுவும் வெடிக்கவில்லை. முன்வாசல் பக்கம் போலீஸ் தேடியதில் மூன்று தண்ணீர் பாட்டிலும், ஒற்றைச் செருப்பும், இரண்டு வருஷத்துக்கு முன் தொலைந்துபோன ஒரு வண்ணப் பெட்டியும் கிடைத்தன.

வெள்ளிக்கிழமை காலை இன்ஸ்பெக்டர் வந்தார். மெதுவாகப் பேசுகிற மனிதர். எதைப் பார்த்தாலும் அதற்கு இன்னொரு பக்கம் இருக்கும் என்பது போலப் பார்த்தார். கொடுத்த டீயைக்கூட ஒரு தடவை சாய்த்துப் பார்த்துவிட்டே குடித்தார். அக்காவுக்கு அவரைப் பிடித்துவிட்டது.

"முன்வாசல்ல குண்டுன்னு லெட்டர்ல இருந்தது. அது யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்கு, பிரின்சிபாலுக்கு, விளையாட்டு வாத்தியாருக்கு. உங்களுக்கு."

"உங்க மெசேஜ் பத்து நாப்பத்தொண்ணு. அதுக்கு முன்னாடி வெளியில யாருக்காவது தெரிஞ்சிருக்க வழி உண்டா?"

"இல்ல சார்."

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிக்க என்ன சார் இருக்கு? இருபத்தாறு வருஷத்துல அப்படி நடந்ததே இல்ல. சொந்தத் தம்பி வீட்டுக்கே நான் சொன்னதில்ல."

"அப்போ பத்து முப்பத்தஞ்சுக்கு வந்து பின்வாசலைத் திறன்னு கத்தினவரு, ஒண்ணு அந்த லெட்டரைப் படிச்சிருக்கணும். இல்லேன்னா எழுதியிருக்கணும்."

அக்கா தலையாட்டினார். பதினான்கு புகார் எழுதிய கைக்கு நான்கு வரி மிரட்டல் எம்மாத்திரம்!

கண்ணாடிக்காரரையும் விசாரித்தார்கள். அவர் தன் வாயாலேயே தன்னைக் கெடுத்துக்கொண்டார். எப்படித் தெரியும் என்றால், "காதுல விழுந்தது" என்றார். யார் சொன்னது என்றால், "ஆள் இல்ல" என்றார். அந்த நேரத்தில் எங்கே இருந்தாய் என்றால், "வேலையா இருந்தேன்." எங்கே வேலை? பதில் இல்லை. சாயங்காலம் வரை உட்காரவைத்து அனுப்பினார்கள், திங்கட்கிழமை மறுபடி வரச் சொல்லி. அக்காவின் வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து திங்கட்கிழமை கொண்டுவருவதாகவும், அதில் அவர் கையெழுத்துப் போட்டதும் கைது என்றும் இன்ஸ்பெக்டர் முதல்வரிடம் சொல்லிவிட்டுப் போனார்.

ஊர் அதுவரை காத்திருக்கவில்லை. பெற்றோர்கள் தங்களுக்குள் வைத்திருந்த குரூப்பில் வெள்ளிக்கிழமை மத்தியானமே தீர்ப்பு வந்துவிட்டது. கண்ணாடிக்காரருக்கு வரவேண்டிய மூன்று வீட்டு ஜன்னல் வேலை கைநழுவிப் போயிற்று. இரண்டு அம்மாக்கள் அலுவலகத்துக்குப் போன் போட்டு, அந்தப் பெண்ணை எங்கள் பிள்ளை பிரிவிலிருந்து மாற்றுங்கள் என்றார்கள். மாற்ற வேண்டிய அவசியமே வரவில்லை. அந்தப் பெண் வெள்ளிக்கிழமை பள்ளிக்கு வரவே இல்லை. விடுப்புக் கடிதமும் வரவில்லை. அக்கா வருகைப் பதிவேட்டில் அந்தக் கட்டத்தைப் பார்த்தார். கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் அந்த உறுத்தலைவிடப் பெரிய ஒன்று அவருக்குக் கிடைத்திருந்தது.

வாட்ச்மேனின் பழைய நோட்டுகளைப் புரட்டியபோது கண்டுபிடித்தது அது. முந்தைய இரண்டு மிரட்டல் நாளிலும், மழைக்காகப் பள்ளியைப் பாதியில் விட்ட இரண்டு நாளிலும், மற்றவர்களுக்கு முன்னால் வந்து நின்ற குடும்பங்கள் ஏழு. எல்லாம் அதே ஏழு. ஏழும் ஒரே தெருவிலும் அதை ஒட்டிய சந்துகளிலும் இருந்தன. கண்ணாடிக்காரர் அதில் ஒருவர். இது தனி ஆள் வேலை இல்லை, கூட்டுச் சதி என்று அக்கா முடிவுகட்டினார். அந்தத் தெருவில்தான் வீட்டுக்காரரின் சலூனும் இருந்தது. கூடிப் பேசச் சலூனைவிடத் தோதான இடம் எது? இந்த மனுஷர் கண்ணெதிரே சதி நடந்தாலும் கத்தரிக்கோலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமை முற்பகல் அக்கா உளவு பார்க்கப் புறப்பட்டார். கல்யாணமாகி முப்பது வருஷத்தில் அவர் அந்தக் கடைக்குள் நுழைந்தது நான்கைந்து தடவைதான் இருக்கும். வீட்டுக்காரர் முகத்தில் கலவரம் தெரிந்தது.

"என்னம்மா, வீட்ல ஏதாவது...?"

"ஏன், வரக் கூடாதா? இந்தப் பக்கம் வந்தேன். நீங்க பாட்டுக்கு வெட்டுங்க."

மூலையில் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை விரித்துக்கொண்டார். நாற்காலியில் ஒருவர் முகம் முழுக்க நுரையோடு இருந்தார். வரிசையில் இரண்டு பேர். எதிரே சுவரில் புத்தம்புது நிலைக்கண்ணாடி. அதன் மேல் ஓரத்தில் இரண்டு ஆணிகள் பாதி இறங்கி அப்படியே நின்றன.

"கண்ணாடி எப்போ மாத்தினீங்க?"

"வியாழக்கிழமைதான்."

"யாரு மாட்டினது?"

வீட்டுக்காரர் கத்தியைத் தோல்வாரில் தீட்டினார். தேவைக்கு மேலேயே தீட்டினார்.

"கண்ணாடிக்காரர்தான். பத்து மணிக்கு வந்தாரு. பாதியில ஓடிட்டாரு. அந்த ரெண்டு ஆணி அப்படியே நிக்குது."

பத்து மணியிலிருந்து கண்ணாடிக்காரர் இங்கே இருந்திருக்கிறார். கம்ப்யூட்டர் முன்னால் இல்லை. கையில் சுத்தியலோடு இந்தச் சுவர் முன்னால். இதை அந்த ஆள் ஏன் இன்ஸ்பெக்டரிடம் சொல்லவில்லை? அக்காவின் சந்தேகம் இருந்த இடத்தில் இல்லாமல் கடைக்குள்ளேயே சுற்ற ஆரம்பித்தது.

அப்போது கண்ணாடிக்குக் கீழே, பவுடர் டப்பாவின் மேல் சாய்த்து வைத்திருந்த போன் வாயைத் திறந்தது. உணர்ச்சியே இல்லாத ஒரு பெண் குரல், கடை முழுக்கக் கேட்கும்படி, "மகள் அனுப்பிய செய்தி. அப்பா, மாத்திரை போட்டீங்களா" என்றது.

நுரை முகக்காரர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தவர் மறுபடி சாய்ந்தார். "ப்ச். பள்ளிக்கூடச் சேதியோன்னு பார்த்தேன்" என்றார்.

"சனிக்கிழமை ஏதுய்யா பள்ளிக்கூடச் சேதி?" என்றார் வரிசையில் இருந்தவர்.

அக்காவின் கையிலிருந்த பேப்பர் மெல்ல இறங்கியது.

வாடிக்கையாளர்கள் போன பிறகு வீட்டுக்காரர் கடைக் கதவைச் சாத்தினார். கை எப்போதும் ஈரமாக இருப்பதால் போனை எடுக்க முடிவதில்லை என்று மகள்தான் போன வருஷம் அப்படி வைத்துக் கொடுத்தாளாம். வருகிற செய்தியை அதுவே படித்துவிடும்.

"கடையில இருக்கிற அத்தனை பேரும் கேட்கிற மாதிரியா?"

"அது மெதுவா படிக்காதும்மா. அதுக்கு ஒரே குரல்தான்."

"எழுத்து சரியா விழுதான்னு பார்க்கத்தானே உங்களுக்கு அனுப்பறேன்? அது ரகசியம்னு தெரியாதா?"

"நீ எனக்கு அனுப்பறே. எனக்குன்னு நினைச்சேன்." துண்டை உதறி மடித்தார். "வேற எதுவும் நீ அனுப்பறதில்லையே. இதையாவது அனுப்பறாளேன்னு இருந்தேன்."

அக்கா பேப்பரை மெதுவாக நாலாக மடித்தார். அவர் எதையும் மெதுவாகச் செய்வது அபூர்வம் என்பதால் வீட்டுக்காரர் கொஞ்சம் பயந்துபோனார். பிறகு மீதியையும் சொன்னார். இந்தத் தெருவில் ஏழு குடும்பத்தார் சலூன் செய்தியை நம்பித்தான் இருக்கிறார்கள். பள்ளி அனுப்புவது பின்னால் வருகிறது, அதில் ஒன்றும் இருப்பதில்லை. இங்கே வருவது முன்னால் வருகிறது, அதில் எல்லாமே இருக்கிறது. 'குழாய் பழுது' அன்றுகூட இங்கே உண்மைதான் வந்தது. எல்லாரும் தெரிந்துகொண்டு தெரியாத மாதிரி இருந்தார்கள்.

"அந்த ஆளு போலீஸ்ல இதை ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன். 'சொன்னா உன் பொண்டாட்டி வேலை போகும்'னாரு."

"எனக்காகவா?" அக்காவால் நம்ப முடியவில்லை.

"'அதுகூடப் பரவாயில்ல, அப்புறம் எங்களுக்கு உண்மையான சேதி எங்கிருந்து வரும்'னாரு."

இதை அக்காவால் நம்ப முடிந்தது.

"நீங்களாவது என்கிட்ட வியாழக்கிழமையே சொல்லியிருக்கலாம்ல?"

"வீட்டுக்குள்ள காலை வச்சதுலேருந்து 'அவன்தான், அவன்தான்'னு நீ சொல்லிக்கிட்டே இருந்தே. நடுவுல நான் எங்க புகுந்து சொல்றது?"

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டிலிருந்த எல்லாப் பாத்திரத்தையும் எடுத்துப் போட்டுத் தேய்த்தார். தன்னைத் தவிர வேறு யாரையும் சந்தேகப்பட வழியில்லாத ஒரு நாள் அவருக்கு அதுவரை வாய்த்ததில்லை. ஓய்வு பெற இன்னும் ஒரு வருஷம் நான்கு மாதம் இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஏழு வீடும் வாயைத் திறக்காது, அது அவர்களுடைய சொந்த லாபம். கண்ணாடிக்காரரும் திறக்கமாட்டார். ஒரு மனிதர் இவ்வளவு பிடிவாதமாக உதவி செய்வதை அக்கா ஏதோ வம்பு மாதிரிதான் உணர்ந்தார்.

திங்கட்கிழமை எட்டரை மணிக்கு முதல்வரிடம் எல்லாவற்றையும் சொன்னார். முதல்வர் முதலில் கதவைப் பார்த்தார், அது சாத்தியிருக்கிறதா என்று.

"அக்கா, நடந்தது நடந்துபோச்சு. பேசாம கையெழுத்து போட்டுடுங்க."

"போட்டா அந்த ஆளு உள்ள போயிடுவாரு சார்."

"அவரு நிரபராதின்னா போலீஸே விட்டுடும். இதை வெளியில சொன்னா நீங்க முதல்ல எழுதினதும், அப்புறம் நாம அனுப்பினதும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்ப்பாங்க. அசிங்கமாயிடும்."

"யாருக்கு சார்?"

முதல்வர் சிவப்புப் பேனாவை மூடித் திறந்தார். "நம்ம பள்ளிக்கு" என்றார். அவருக்கு வருத்தம் இருந்தது உண்மைதான். எதைப் பற்றி என்பதுதான் அவருக்கே நிச்சயமாகத் தெரியவில்லை.

இன்ஸ்பெக்டர் வாக்குமூலத்தை நீட்டியபோது அக்கா பேனாவை எடுக்கவில்லை. வீட்டுக்காரருடைய போனைத் தன் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். வியாழக்கிழமைச் செய்தி, பத்து இருபத்தொன்பது.

"வெளியில தெரிய வழி இல்லைன்னு சொன்னேன் சார். இருந்திருக்கு. அது நான்தான்."

இன்ஸ்பெக்டர் இதை மகிழ்ச்சியோடு கேட்டுக்கொண்டார் என்று சொல்ல முடியாது. அவர் கையில் ஒரு குற்றவாளி இருந்தார், இப்போது இல்லை. இருந்த சந்தேகத்தை வீணாக்க மனமில்லாமல் அதை வேறு பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரருக்கு ஈமெயில் அனுப்பத் தெரியுமாம்மா?"

"போனுக்குச் சார்ஜ் போடத் தெரியும் சார். அதுவும் எல்லா நாளும் தெரியாது."

பிறகு அவர் போனில் இருந்த செய்தியைப் படித்தார். பள்ளி அனுப்பிய செய்தியையும் படித்தார். மறுபடி முதலாவதைப் படித்தார்.

"இதுல எதும்மா பேரன்ட்ஸுக்குப் போனது?"

"சின்னது சார்."

"குண்டு எங்க போச்சு இதுல?"

முதல்வருக்கு இருமல் வந்தது. வெகு நேரம் வந்தது.

மத்தியானத்துக்குள் கண்ணாடிக்காரரை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். சலூனில் மூன்று பேர், அவர் பத்து மணியிலிருந்து சுத்தியலும் கையுமாக நின்றதைச் சாட்சி சொன்னார்கள். மிரட்டலை அனுப்பியது யார் என்பது பிறகும் தெரியவில்லை. அதே நான்கு வரி வேறு ஒன்பது பள்ளிகளுக்கும் போயிருந்தது மட்டும் தெரிந்தது.

அக்காவுக்கு விளக்கம் கேட்டு மெமோ கொடுக்க முடிவாயிற்று. பள்ளியில் எல்லா மெமோவையும் தட்டச்சு செய்வது அக்காதான் என்பதால் இதையும் அவரே செய்ய வேண்டியிருந்தது. முதல்வர் சொல்லச் சொல்ல, 'தங்கள் தவறால் அலுவலகச் செய்தி முன்கூட்டியே வெளியே சென்றது' என்று தனக்குத் தானே அடித்தார். ஓர் இடத்தில் முதல்வர் தேதியைத் தப்பாகச் சொன்னார், அக்கா சரியாகப் போட்டார். ஒரு பிரதியில் முதல்வர் கையெழுத்து. 'பெற்றுக்கொண்டேன்' என்று இன்னொன்றில் அக்கா கையெழுத்து. கோப்பில் வைத்ததும் அவரே.

கண்ணாடிக்காரர் பெண் அன்றும் வரவில்லை. குரூப்பில் புதிய பேச்சு ஓடிக்கொண்டிருந்தது: போலீஸை யாரோ சரிக்கட்டிவிட்டார்கள், அதனால்தான் விட்டுவிட்டார்கள். போலீஸ் விட்டாலும் ஊர் விடுவதாக இல்லை. அக்கா ஒரு செய்தி எழுதி முதல்வரிடம் கொண்டுபோனார்.

'வியாழக்கிழமை நம் பள்ளிக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்தது. குண்டு எதுவும் இல்லை. அனுப்பியது யார் என்று இன்னும் தெரியவில்லை. அன்று நம் பெற்றோர் ஒருவர் மற்றவர்களுக்கு முன்னால் பள்ளிக்கு வந்தார். அவருக்குச் செய்தி தெரிந்தது இந்த அலுவலகத்திலிருந்துதான், என் தவறால். மிரட்டலுக்கும் அவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அவர் மகள் நம் பள்ளிக்கு வர வேண்டும். அலுவலக எழுத்தர்.'

பேனா திறந்தது. "'வெடிகுண்டு'... சரி, அது இப்போ எல்லாருக்கும் தெரியும், இருக்கட்டும். 'என் தவறால்' வேண்டாம்க்கா. 'தொழில்நுட்பக் காரணத்தால்'னு போட்டுடலாம். உங்க பேரு கெட வேண்டாமே."

"மெமோல என் தவறுன்னுதானே சார் இருக்கு?"

"அது ஆபீஸுக்குள்ள."

"தொழில்நுட்பம்னு போட்டா மெமோவைக் கிழிக்கணும் சார். ரெண்டுல எது உண்மைன்னு நாளைக்கு யாராவது கேட்டா?"

முதல்வர் மெமோ இருந்த கோப்பைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். பேனாவை மூடினார்.

இரண்டு ஐந்துக்கு அது போயிற்று. இரண்டு ஏழுக்கு அலுவலகப் போன் அடித்தது.

"இது நிஜமாவே ஸ்கூல்லேருந்து வந்த மெசேஜா மேடம்?"

"ஆமாங்க."

"இல்ல... உங்க மெசேஜ் இப்படி இருக்காதே. எல்லாமே புரியுது. யாராவது உங்க நம்பரைத் திருடிட்டாங்களோன்னு."

"திருடலைங்க. நான்தான் எழுதினேன்."

அதற்கு மேல் அவர் போனைக் கீழே வைக்க முடியவில்லை. மோசடியா, கலாட்டாவா, அக்காவை மிரட்டி யாராவது எழுத வைத்தார்களா என்று ஆளாளுக்கு விசாரித்தார்கள். ஒருவர் அக்காவின் குரல்தானா என்று சோதிக்க, போன வருஷம் ஆண்டு விழா எந்தக் கிழமை என்று கேட்டார். சலூன் விஷயம் எப்படியோ காதுக்கு எட்டி, தம்பி பெண்டாட்டியும் கூப்பிட்டாள்: "ஏன் அண்ணி, சலூனுக்கு மட்டும் முன்னாடியே சொல்லிட்டிருந்தீங்களா? நான் என்ன பாவம் பண்ணினேன்?" அக்கா ஒவ்வொருவருக்கும் அதே பதிலைச் சொன்னார். நான்தான். ஆமாம், என் தவறுதான். இல்லை, அவர் இல்லை.

மூன்றரை மணிக்கு இன்னொரு அழைப்பு வந்தது. பின்னால் கண்ணாடி அறுக்கிற கீச்சுச் சத்தம் கேட்டு நின்றது.

"இதை எழுதினது நீங்கதானா?"

"நான்தான்."

"பிரின்சிபால் எதுவும் அழிக்கலையா?"

"அழிக்கலை."

"அப்போ இனிமே எங்க தெருவுக்கு முன்னாடி வராது."

"வராது. எல்லாருக்கும் வர்றதுதான் உங்களுக்கும்."

"அதுல விஷயம் இருக்குமா?"

நிச்சயமாகத் தெரியாததைச் சொல்லும் நிலையில் அக்கா அன்றைக்கு இல்லை. "இருக்கணும்னு நான் சண்டை போடுவேன். அவ்வளவுதான் சொல்ல முடியும்" என்றார்.

கண்ணாடிக்காரர் கண்ணாடியில் மறுபடி ஒரு கீச்சு இழுத்தார். அந்தக் கீச்சில் நம்பிக்கை இருந்ததாகச் சொல்ல முடியாது.

"சரி. நாளைக்குப் பொண்ண அனுப்பறேன். யாராவது ஒரு வார்த்தை சொன்னாங்கன்னா அங்க வந்து நிப்பேன்."

"வாங்க. எனக்கும் சொல்லுங்க, நானும் வந்து நிக்கிறேன்."

நன்றி, வணக்கம் எதுவும் இல்லாமல் அவர் வைத்துவிட்டார். அக்காவும் எதிர்பார்க்கவில்லை. ஏழாம் வகுப்புப் பதிவேட்டை எடுத்து, மறுநாள் அந்தப் பெண் வருகிறாள் என்று வகுப்பாசிரியருக்கு ஒரு சீட்டு எழுதினார். மாற்றச் சொன்ன இரண்டு அம்மாக்களின் பெயரையும் கீழே எழுதி, அவர்களிடம் தானே பேசிக்கொள்வதாகக் குறித்தார். எழுதி முடிப்பதற்குள் போன் மறுபடி அடித்தது.

"மேடம், ஒரு மெசேஜ் வந்திருக்கு. இது நிஜமா?"